பின்சுவர் ரோஜாக்கள்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, கடிதமே மேல் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோமே, அதன்படி எழுதுகிறேன். நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் வீட்டில் எல்லோரும் சுகந்தானே?

பின்சுவர் ஓரத்துப் புதர் ரோஜாக்கள் ஏழையும் போன மாதம் கவாத்து செய்தேன். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே சாய்வாக வெட்டி, எலும்புத்தூள் போட்டு, காய்ந்த இலையால் அடியை மூடினேன். ஆறு செடி துளிர்த்துவிட்டது. மூலையில் நிற்கும் வம்புக்காரி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். போகிற வருகிறவர் துணியையெல்லாம் பிடித்து இழுப்பாளே, அவள்தான். இலை பழுத்து உதிர்கிறது. கரும்புள்ளி நோயாக இருக்கும்.

காய்ச்சலில் மூக்குக்கு வாசனை தெரியாமல் போனது போனதுதான். பூவை முகத்தில் வைத்துத் தேய்த்தாலும் காகிதம் மாதிரி இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்க், இந்தப் பக்கம் ரோஜா; எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

கிணற்று மோட்டார் திக்கித் திக்கி ஓடுகிறது. நம் மோட்டார்காரர் மோட்டார் இருக்கும் குழிக்குள் ஏழு படி இறங்கிப் பார்த்து ஏதோ தட்டிவிட்டுப் போனார். அவர் மனைவிக்கு ரோஜாப் பதியன் வேண்டுமாம். "இல்லாம வந்தா சோறு கிடையாதுன்னுட்டாம்மா" என்றார். மூன்று குச்சி ஊன்றி வைத்திருக்கிறேன்.

"இங்கே வந்துவிடு" என்று மட்டும் பதில் எழுதாதே.

உன் அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதவில்லை. ஆனால் நீ எழுதாதே என்றதால் நினைக்காமலும் இருக்க முடியவில்லை. உனக்கென்று ஒதுக்கிய அறை அப்படியேதான் இருக்கிறது. என் மனைவி அதில் இஸ்திரி போடும் துணியைக்கூட வைக்க விடுவதில்லை.

ரோஜா பற்றி எனக்கு என்ன தெரியும்? எண்ணெய்க் கிடங்கில் குழாயும் வால்வும் பார்க்கிறவன். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். இலையில் வட்டமாகப் புள்ளி விழுகிறதா, இல்லை ஓரத்திலிருந்து கருகி வருகிறதா? பார்த்து எழுது.

உன் தம்பி


ஜூன் 21

அன்புள்ள தம்பிக்கு,

திடீரென்று தோட்டக்காரனாகிவிட்டாயே! ஓரத்திலிருந்துதான் கருகுகிறது. வம்புக்காரி போய்விட்டாள். அடுத்து நின்ற இரண்டும் அவள் பின்னாலேயே போய்விட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து வழவழவென்று வருகிறது. அந்த மண்ணில் ஒரு எறும்பு இல்லை, ஒரு புழு இல்லை. தண்ணீர் அதிகமாகிவிட்டதோ என்று நினைத்து நான்காவது செடிக்கு ஊற்றுவதை நிறுத்தினேன். அதுவும் வாட ஆரம்பித்துவிட்டது. வரிசையாக, மூலையிலிருந்து வீட்டைப் பார்த்து வருகிறது.

இரண்டு நாள் நல்ல மழை. செடியடியில் தேங்கிய தண்ணீரில் வானவில் மாதிரி ஏழு நிறமும் மிதந்தது. செடி போனாலும் கண்ணுக்கு ஏதோ கிடைத்ததே என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன்.

மோட்டார்காரர் மறுபடி வந்தார். குழிக்குள் எண்ணெய் வாடை அடிக்கிறது என்றார். உங்கள் சட்டையில் இல்லாத எண்ணெயா என்றேன். மோட்டாரையே கழற்றி மேலே எடுக்க வேண்டுமாம்.

உன் அக்கா


ஜூன் 28

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. உன் கடிதம் கிடைத்ததும் போன் செய்தேன். "மறுபடி ஆரம்பிச்சிட்டியா?" என்று வைத்துவிட்டாய். அதன் பிறகு எடுக்கவேயில்லை.

பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டி ஒழுகுகிறது. மழையில் நீ பார்த்தது பெட்ரோல். செடிகளைக் கொன்றது அதுதான். அதன் ஆவி காற்றைவிடக் கனம். பள்ளம் தேடி இறங்கித் தேங்கும். உன் வீட்டில் பள்ளம் என்றால் மோட்டார் குழிதான். அங்கே ஒரு பொறி போதும்.

மோட்டார் சுவிட்சைத் தொடாதே. யாரையும் குழிக்குள் இறங்க விடாதே. தீயணைப்பு அலுவலகத்துக்குப் போய்ச் சொல். நான் இங்கிருந்து போனில் சொன்னதற்கு, அந்த வீட்டில் இருப்பவரே வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். எனக்குப் பதினைந்தாம் தேதி வரை லீவு தரமாட்டோம் என்கிறார்கள்.

ஒரு தடவை உன்னிடம் பொய் சொன்னேன். இது அது இல்லை, அக்கா.

தம்பி


ஜூலை 4

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வருடத்துக்கு முன் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்று எழுதினாய். மாற்றுப் புடவைகூட எடுக்காமல் அழுதுகொண்டே இரண்டு நாள் ரயிலில் வந்தேன். ஸ்டேஷனில் நீயே சிரித்துக்கொண்டு நின்றாய். புதிதாய் வெள்ளையடித்த அறையைத் திறந்து காட்டினாய். அன்றைக்கு நான் அழுத அழுகை உனக்குத் தெரியாது. இப்போது நெஞ்சு வலிக்குப் பதில் பெட்ரோல்.

இருந்தாலும் மனசு கேட்காமல் பங்க் முதலாளியிடம் போனேன். உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். முழுதும் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "தொட்டி போட்டு ஆறு வருஷம்கூட ஆகலம்மா. தம்பிக்கு உங்க மேல ரொம்பப் பாசம்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மோட்டார்காரருக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

குடத்தில் எத்தனை நாள் தண்ணீர் சுமப்பது? வியாழக்கிழமை மோட்டாரைக் கழற்ற வருகிறார். மிச்சமிருக்கும் மூன்று செடியையாவது காப்பாற்ற வேண்டும்.

உன் அக்கா


ஜூலை 11

தம்பி,

மோட்டார்காரர் நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்தார். மூன்றாவது படியில் நின்று என்னைப் பார்த்தார்.

"உங்க தம்பி எழுதின மாதிரியே வாடை தூக்குதேம்மா. இறங்கட்டுமா?"

"அவன் கிடக்கான். நீங்க இறங்குங்க."

இதைத்தான் சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை. அடுப்படிக்குத் திரும்பி நாலு அடி வைத்திருப்பேன். பெரிய சத்தம்கூட இல்லை. கனமான கதவை அறைந்து சாத்தியதுபோல ஒன்று. திரும்பினால் குழி வாயில் நெருப்பு நின்றது. அவர் தானாகவே படியேறி வந்தார். அதை நான் எழுத மாட்டேன்.

தீயணைப்புக்காரர்கள் பின்சுவர் ஓரம் முழுக்கத் தோண்டிவிட்டார்கள். மிச்சச் செடிகளும் போயின. தொட்டி ஒழுகியதை முதலாளி ஒத்துக்கொண்டார். ஆனால் தனக்கு எதுவுமே தெரியாதாம், யாரும் சொல்லவில்லையாம், குழிக்குள் மோட்டார்காரர் பீடி பற்ற வைத்ததுதான் காரணமாம். அதிகாரி என்னிடம் கேட்டார்: "வாடை பத்தி முன்னாடியே யாராவது சொன்னாங்களாம்மா?"

இல்லை என்றேன்.

வாயில் அதுதான் வந்தது. உன் கடிதத்தை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன். மோட்டார்காரர் மனைவி ஆஸ்பத்திரி நடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு பீடியே தொட மாட்டாரு, உங்களுக்குத் தெரியுமில்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தலையை ஆட்டினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை.

நாலாம் தேதி நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கும். கிழித்துவிடு. நீ கூப்பிட்டபடியே வந்துவிடுகிறேன். பையில் துணி எடுத்து வைத்தாகிவிட்டது. எந்த ரயில் என்று மட்டும் எழுது.

அக்கா


ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வருகிறேன் என்று எழுத வேண்டும் என்று எத்தனை வருடம் காத்திருந்தேன். எழுதிவிட்டாய். என் மனைவியிடம் படித்துக் காட்டக்கூட முடியவில்லை. நாலு நாளாகச் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

நாலாம் தேதிக் கடிதத்தைக் கிழிக்க எடுத்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், எடுத்தேன். நீ தனியாக அந்த அலுவலகத்தில் நிற்பதை நினைத்தால் கை அதற்குத்தான் போகிறது. ஆனால் முதலாளி என் கடிதத்தை முழுதும் படித்தார் என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி இந்தக் காகிதம்தான். இது போனால் அந்த மனிதர் பீடி குடித்துச் செத்தவராகவே இருந்துவிடுவார். அவர் மனைவி வாழ்நாள் முழுக்க ஒவ்வொருவரிடமாக இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

நீ இறங்கச் சொன்னதில் என் பங்கும் இருக்கிறது. அன்றைக்கு நான் ஸ்டேஷனில் சிரித்துக்கொண்டு நின்றிருக்காவிட்டால், நீ என்னை நம்பியிருப்பாய். அதையும் அந்த அதிகாரியிடம் சொல்லப்போகிறேன்.

லீவு கிடைத்துவிட்டது. இருபத்தைந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு வந்து சேருவேன். வீட்டுக்கு வரவில்லை. நேராகத் தீயணைப்பு அலுவலகம். பத்து மணி வரை வாசலில் நிற்பேன். நீ வந்தால் கடிதத்தை உன் கையில் தருகிறேன். நீயே உள்ளே கொண்டுபோய்க் கொடு. பிறகு இரண்டு பேருமாக மோட்டார்காரர் வீட்டுக்குப் போகலாம். பத்து மணிக்கும் நீ வராவிட்டால் நான் உள்ளே போய்விடுவேன்.

அதற்குப் பிறகு உன் வீட்டுக் கதவைத் தட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

உன் தம்பி