அருவிக்குப் போகிறவர்களிடம் சொல்வது

போன ஞாயிற்றுக்கிழமை வலப்பனையில் என் மச்சினன் கல்யாணம். மண்டபத்து வாசலில் பொண்ணு மாப்பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தலைக்கு மேலே ஒரு ரீங்காரம். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சட்டைக்கு மேல் போட்டிருந்த கோட்டைக் கழற்றி என் சின்ன மகளின் தலையை மூடி, அவளை அள்ளிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடிக் கதவைச் சாத்திவிட்டேன். வெளியே ஒரே சிரிப்பு. அது படம் பிடிக்கிற ட்ரோன். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கதவை மெதுவாகத் தட்டி, "ஒண்ணுமில்லங்க, வெளிய வாங்க" என்றாள். முதுகெல்லாம் நனைந்திருந்தது எனக்கு. உனக்கு எழுத வேண்டும் என்று அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றபோதுதான் தோன்றியது.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பிறந்தவர்கள் நாம். நான் ஹட்டனில் ஓட்டோ ஓட்டப் போனேன். நீ மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினாய். இடுப்பு பிடித்துக்கொண்டபின் அதை விட்டுவிட்டு, அருவிக்கு இறங்கும் படிக்கட்டின் தலைமாட்டில் சோளம் அவித்து விற்றாய். உன் மனைவி ராணி தேயிலைக் கொழுந்து எடுத்தாள். பிள்ளை இல்லை என்று ஊர் உங்களைப் பார்த்து வருத்தப்பட்டது. சாயங்காலம் அவள் கூடையை இறக்கிவிட்டு உன் கடைப் பலகையில் உட்கார்ந்து, நீ ஊதித் தரும் சோளத்தைத் தின்றுகொண்டே அன்று மலையில் மேற்பார்வை பார்த்த கண்டாக்கைத் திட்டுவாள். நீ சிரிப்பாய். அதைப் பார்த்தவர்கள் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

நம் தோட்டத்து அருவி எப்போதும் அங்கேதான் இருந்தது. போனில் படம் போடுகிற காலம் வந்தபின்தான் அது ஊருலகத்துக்குத் தெரிந்தது. சனி, ஞாயிறு வந்தால் வான்களும் பஸ்களும் தேயிலைக்கு நடுவே வரிசையாக நிற்கும். கடைகள் முளைத்தன. அருவிக்குப் பக்கத்துப் பாறையில் குளவிக்கூடுகள் கறுப்புச் சாக்கு மூட்டைகள்போலத் தொங்குவதை அவர்கள் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. நமக்குத் தெரியும். சின்ன வயதில் அந்தப் பாறையடியைக் கடக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டுதான் நடப்போம்.

ராணி போனது ஒரு காலை நேரம். அருவிக்கு மேலே இருக்கிற மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டைக் கலைத்தது கழுகோ காற்றோ, இன்றுவரை யாருக்கும் தெரியாது. கூடைகளைப் போட்டுவிட்டுப் பெண்கள் நாலாபக்கமும் ஓடினார்கள். ராணி ஓடவில்லை, தடுக்கி விழுந்த ஒரு கிழவியைத் தூக்கப் போனாள் என்று பிறகு சொன்னார்கள். கொழுந்து லொறியில்தான் அவளை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் லொறி நின்றபோது உயிர் இல்லை.

அடுத்த நாள் தோட்டத்தில் வேலை நிறுத்தம். தோட்டத்தை நடத்துகிற துரை வந்து கைகட்டி நின்றார். பேப்பரில் ஒரு மூலையில் இரண்டு வரி: பெண் தொழிலாளி குளவி கொட்டி மரணம். பெயர்கூடச் சரியாகப் போடவில்லை. அந்தச் சனிக்கிழமையே அருவியடியில் பாட்டுப் பெட்டியின் சத்தம் கேட்டது. யாரும் அருவியை மூடவில்லை, மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

காரியம் முடிந்த மறுவாரம் நீ கடைக்கு வந்தாய். அன்று அடுப்பு மூட்டவில்லை. படிக்கட்டில் நின்றுகொண்டாய். வருகிற ஒவ்வொரு கூட்டத்தையும் மறித்தாய். "பாறையில குளவி இருக்குங்க. சத்தம் போடாதீங்க. செண்டு பூசியிருந்தா கீழ போகாதீங்க." சிங்களக் குடும்பம் வந்தால், "பம்பரு இன்னவா, சத்த கரன்ன எப்பா" என்று அதையே சொல்வாய். பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்கள் பாறையை அண்ணாந்து பார்ப்பார்கள், முகம் மாறும், அப்படியே வந்த வண்டிக்குத் திரும்பிவிடுவார்கள்.

கடைக்காரர்கள் எவ்வளவு நாள் பொறுப்பார்கள்? டீக்கடை முத்தையா அண்ணன்தான் அவர்களுக்குத் தலைவர் மாதிரி. ஒரு நாள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து உன் முன்னால் நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

"தம்பி, ராணி செத்தது எங்களுக்கும் எரியுதுடா. அவ எங்க வீட்டுப் புள்ள. அதுக்காக வர்ற ஆள எல்லாம் வெரட்டுனா நாங்க என்னத்த திங்கிறது?"

"நான் வெரட்டலண்ணே. இருக்கிறத சொல்றேன்."

"சொல்லாத. அவ்வளவுதான்."

"பயந்து போறவன் இன்னொரு நாளைக்கு வருவாண்ணே. செத்துப் போறவன் வரமாட்டான்."

யாரோ ஒருவன் உன் சோளச்சட்டியை உதைத்தான். வெந்நீர் படியெல்லாம் ஓடியது. நீ சட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் அதே படியில் நின்றாய். அதற்குப் பிறகு உன்னோடு யாரும் பேசவில்லை. முத்தையா அண்ணன் கடையில் உனக்கு டீ ஊற்றவும் மாட்டார்கள். நான் ஹட்டனிலிருந்து போத்தலில் கொண்டுவந்து தருவேன்.

பிறகு அந்தப் பௌர்ணமிப் போயா லீவு. அவ்வளவு கூட்டத்தை அருவி அதற்கு முன் பார்த்ததில்லை. நான் வெள்ளைக்காரப் பெண்கள் இருவரை இறக்கிவிட்டு உன் பக்கத்தில் நின்றேன். கொழும்புப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, அவர்களுடைய மகன், மகனுடைய கூட்டாளிகள். மகன் கையில் ஒரு ட்ரோன் பெட்டி. வழக்கம்போலக் குளவி இருப்பதை நீ சொன்னாய். அவன் மரியாதையாகத்தான் கேட்டான். "பக்கத்தில் கொண்டுபோக மாட்டேன் அண்ணா" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனான்.

ட்ரோன் எழும்பியது. அருவிக்கு நேராகப் போனது. நீ என் கையைப் பிடித்தாய். காற்று அடித்ததோ, அவன் கை தவறியதோ, அது பாறைப் பக்கம் சாய்ந்தது. ஒரு நிமிஷம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு மூட்டைகளில் ஒன்று புகையாகக் கரைந்தது.

"தண்ணில குதிக்காதீங்க! மேல ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே நீ கீழே இறங்கினாய். ஆனால் பயந்தவர்கள் தண்ணீரில்தான் குதித்தார்கள். மூச்சுக்குத் தலையைத் தூக்கும்போதெல்லாம் குளவி கொட்டியது. முத்தையா அண்ணன் கடைக் கதவை அகலத் திறந்து, கையில் அகப்பட்டவர்களை எல்லாம் உள்ளே இழுத்துப் போட்டார். நான் சில பேரை வானுக்குள் தள்ளிக் கதவை அடித்துச் சாத்தினேன். நீ திரும்ப மேலே ஓடி வந்து, கடைக்கு மேலே கட்டியிருந்த நீலத் தார்ப்பாய்ப் படங்கைப் பிய்த்தாய். "டேய், வேணாண்டா!" என்று கத்தினேன். உனக்குக் கேட்டதோ என்னவோ.

படங்கைப் போர்த்தி முதலில் அந்த அம்மாவைக் கொண்டுவந்தாய். உன் முகம் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது. மறுபடியும் இறங்கினாய். இரண்டாவது தடவை அவருடைய கணவரான அந்தப் பெரியவரை முதுகில் சுமந்து வந்தாய். படங்கு முழுக்க அவர் மேல்தான் இருந்தது. உன் மேல் ஒன்றும் இல்லை.

அவரை அவர்கள் வந்த வானில் ஏற்றினார்கள். உன்னை நான் ஓட்டோவில் போட்டேன். வளைவுக்கு வளைவு ஹோன் அடித்துக்கொண்டு போகிறேன், நீ பின்னால் முனகுகிறாய்: "எல்லாரும் மேல வந்துட்டாங்களாடா?"

பெரியவர் அன்று சாயங்காலமே இறந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஊருக்குள் டிவிக்காரர்கள். மஞ்சள் நாடா கட்டி அருவியை மூடினார்கள். பெரிய பெரிய வாகனங்களில் அதிகாரிகள் வந்து பாறையை அண்ணாந்து பார்த்தார்கள். போனில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு. குளவிகளைக் கொளுத்து என்றார்கள். அது அதுகளின் இடம், நாம்தான் போனோம் என்றார்கள். தோட்டத்து ஆட்கள் சோளம் சுடுகிற புகைதான் காரணம் என்றும் ஒருவன் எழுதினான். அதற்குத்தான் நிறைய பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். உன் படத்தையும் போட்டு வீரன் என்றார்கள். உனக்குக் கண் திறக்க முடியாததால் நான்தான் கட்டிலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். 'அருவியில் முதல் பலி' என்று ஒரு தலைப்பு. அதைப் படித்ததும் நீ கையைத் தூக்கி என்னை நிறுத்தினாய்.

"மொத ஆளா?" என்றாய். "அப்ப ராணி யாருடா?"

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி முற்றத்தில் சத்தம் கேட்டு ஓடினேன். அந்த மகனை நம் தோட்டத்துப் பையன்கள் சுற்றி வளைத்திருந்தார்கள். சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அவன் தடுக்கவே இல்லை, அடிக்கட்டும் என்று நின்றான். அவனுடைய கூட்டாளிகள் கேட்டுக்குப் பக்கத்தில் அடிக்கத் தடி பொல்லுத் தேடிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அது குளவி விஷயமாக இருந்திருக்காது, தமிழன் சிங்களவன் விஷயமாகியிருக்கும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக உன் கட்டிலுக்கு வந்தேன்.

யார் என்று சொன்னேன். நீ கட்டிலின் ஓரத்தைத் தடவிக் காட்டினாய். "மல்லி, வாடிவென்ன" என்றாய். தம்பி, உட்கார் என்று. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். உனக்குத் தெரிந்த சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாய்: "படங்க எடுத்துக்கிட்டு நான் போனப்ப ஒங்க அப்பா கையை நீட்டல. ஒங்க அம்மாவப் புடிச்சு என்கிட்ட தள்ளிவிட்டாரு. அவர மொதல்ல கொண்டுவர அவர் என்ன விடல. இத ஒங்க அம்மாகிட்ட சொல்லு." அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். வாசலில் கூடியிருந்த நம் பையன்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

அது முடியவில்லை, அதற்குள் இன்னொரு சேதி. கடைக்காரர்களும் தோட்டத்து ஆண்களும் சேர்ந்து, மூங்கிலில் மண்ணெண்ணெய்ச் சாக்கைக் கட்டிக்கொண்டு கூடுகளைக் கொளுத்தப் போகிறார்கள் என்று. நீ எழும்பி உட்காரப் பார்த்தாய்.

"மேல மலையில இன்னிக்கு கொழுந்து எடுக்கிறாங்களா?"

"ஆமா. இன்னும் கொழுந்த நிறுக்க கீழ வரல."

"கூட்டுல தீய வச்சா குளவி எங்கடா போகும்? மேலதான் போகும். போடா. ஓடு."

நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் மஞ்சள் நாடாவைத் தாண்டி அருவியடியில் நின்றார்கள். முத்தையா அண்ணன் கையில் நீண்ட மூங்கில். மேலே பாறையில் கூடுகள் லேசாக அசைந்துகொண்டிருந்தன. சத்தம் போட்டுக் கூப்பிடவும் பயம். பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன்.

"அண்ணே, மேல மலையில ஆள் நிக்குது. ஒங்க மருமகளும் அங்கதான் நிக்கிறா."

அவர் என்னைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். தேயிலைக்கு மேலே தலைத்துண்டுகள் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிந்தன. அந்த நேரத்தில் பின்னால் ஒருவன் தீக்குச்சியைக் கிழித்துவிட்டான். அவன் மூங்கிலில் இருந்த சாக்கு பற்றிக்கொண்டது. "வைங்கடா தீய!" என்று அவன் வாயைத் திறந்ததுதான் தாமதம், முத்தையா அண்ணன் அவன் மூங்கிலைப் பறித்துத் தண்ணீரில் அமுக்கினார். கரும்புகை ஒரு கொத்தாக எழும்பிப் பாறையை நோக்கிப் போனது. நாங்கள் எல்லோரும் அப்படியே குந்தினோம். யாரும் மூச்சு விடவில்லை. ரீங்காரம் கூடியது. நான் ராணியை நினைத்துக்கொண்டேன். புகை பாதி வழியில் அருவிச் சாரலில் கரைந்தது. ரீங்காரம் மெல்ல அடங்கியது.

ஒருவர் பின் ஒருவராக, வாயே திறக்காமல் படியேறினோம். மேலே வந்தபிறகு முத்தையா அண்ணன் உன் வெறும் கடையின் முன்னால் நின்றார். "அவன் சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, கவிழ்ந்து கிடந்த பலகையை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

நான் திரும்பி வந்தபோது உன்னைக் கண்டிக்கு அனுப்ப அம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விஷம் சிறுநீரகத்தில் இறங்கிவிட்டதாம். குனிந்து, "நிறுத்தியாச்சுடா, ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல" என்றேன். உன் விரல் என் மணிக்கட்டில் ஒருமுறை அழுந்தியது. அதற்கப்புறம் உனக்கு நினைவு வரவில்லை. கண்டியிலிருந்து உன்னைப் பெட்டியில்தான் கொண்டுவந்தோம். ராணிக்குப் பக்கத்திலேயே இடம் இருந்தது. அந்த மகனும் அவன் அம்மாவும் வந்திருந்தார்கள். அந்த அம்மா குழிமேட்டில் வெள்ளைப் பூவை வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பது யார் என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த பூவில் பாதியை எடுத்து அங்கேயும் வைத்தார்.

அருவியை மறுபடியும் திறந்துவிட்டார்கள். மூன்று மொழியில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. பலபேர் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். பாட்டுப் பெட்டியோடு வருகிறவர்களை முத்தையா அண்ணன் படியிலேயே நிறுத்திவிடுகிறார். என் ஓட்டோவில் ஏறுகிறவர்கள் பாதி வழியில் கேட்பார்கள்: "அங்க யாரோ செத்தாங்களாமே, உண்மையா?" மற்ற ஓட்டோக்காரர்கள் அது எப்போதோ என்று மழுப்பிவிடுவார்கள். நான் ஓட்டோவை ஓரங்கட்டிவிட்டு, தெரிந்த மொழியில் சொல்கிறேன். மூன்று பேர். முதலில் ராணி, மேல் மலையில் கொழுந்து எடுத்தவள். பிறகு ஒரு பெரியவர், மனைவியை முதலில் அனுப்பினவர். பிறகு என் கூட்டாளி.

சிலர் ஓட்டோவைத் திருப்பச் சொல்வார்கள், திருப்பிவிடுவேன். மற்றவர்கள் செருப்பொலிகூடக் கேட்காமல் படியிறங்கிப் போவார்கள். கடைசி ஆள் ஏறி வரும்வரை நான் மேலேயே நின்றிருப்பேன்.