பொட்டலத்தின் முடிச்சு

அத்தானுக்கு,

புத்தல மடம் வரை வந்துவிட்டோம். பிள்ளைவரம் கேட்கத்தான் கதிர்காமத் திருவிழாவுக்குப் போகிறோம் என்கிறார் உங்கள் அம்மா. அதற்கு உங்கள் மாமன் மகள் சிவகாமி எதற்கு?

"ஒடம்பு முடியலன்னா நீ இங்கயே இரு, நாங்க போறோம். கடைசி நாளைக்கு அவனும் வந்துருவான்" என்கிறார். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வரப்போவதாக நீங்கள் என்னிடம் சொல்லவில்லையே.

அவர் மூட்டையில் ஒரு பொட்டலம். நம் கடைத் தாள்; கிழிந்த இடத்தில் கூறைப்புடவை தெரிகிறது. அந்த இரட்டை முடிச்சு உங்களைத் தவிர யாருக்கும் வராது.

கதிர்காமத்தில் சாமி தினமும் வள்ளி கோயிலுக்குத்தான் ஊர்வலம் போவாராம். தெய்வானையை யார் கேட்டார்கள்?

நான் இங்கே தங்கப்போவதில்லை. பொட்டலத்தை நானே சுமந்து போகிறேன். தெய்வானை கோயில் வாசலில், என் முன்னால், நீங்களே முடிச்சை அவிழ்க்கலாம்.

இன்றுவரை உங்கள் ஒரே மனைவி