பெடலுக்கு அடியில் இருந்த எண்

ஐப்பசி 3, திங்கள்

காலையில் தூறல். துவைத்த சட்டை காயவில்லை. நான்கு மாதமாகப் போகும் முதியோர் வகுப்பில் டீச்சர் நோட்டு கொடுத்தார். "தினமும் மூணு வரி எழுதுங்க தாத்தா. யாரும் பாக்க மாட்டாங்க." அறுபத்தொன்பது வயதில் முதல் நோட்டு.

இன்று படித்தவை: உப்புப் பாக்கெட். பஸ்ஸின் நெற்றி. தைல மூடி. 'இங்கே சிறுநீர் கழிக்காதே'. இதைக் கழித்துக்கொண்டே படித்தேன்.

பள்ளிச் சுவரில் போலீஸ் நோட்டீஸ். பழைய சைக்கிள் வாங்குவோருக்கு. மூன்று மாலையாகப் படித்து இன்று முடித்தேன். பில் கேட்க வேண்டும். பெடல் அச்சுக்கு அடியில் அடித்திருக்கும் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். என்னிடம் சைக்கிள் இல்லை. இருந்தாலும் படிக்க என்ன இனிப்பு.

ஐப்பசி 4, செவ்வாய்

மழை இல்லை. மச்சான் ஏகாம்பரம் வந்தான், என் மனைவி சரோஜாவின் தம்பி. பெயர் நீளம், கை வலிக்கிறது. இனி ஏ. மட்டும்.

ஏ.வுக்கு வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை. ஆறு மணி ஷிப்ட். கம்பெனி வேன் எங்கள் மண்ணூருக்குள் வராது. சைக்கிள் வேண்டும். வேலையோடு வரும் மருத்துவ அட்டையில்தான் அவன் மனைவிக்கு இனி டயாலிசிஸ். சரோஜா சாமி படத்தை விட்டு நகரவில்லை.

என் நோட்டைப் பார்த்தான். "இன்னா மாமா, கலெக்டர் பரிட்சையா? பாஸாயிட்டா எனக்கு ஒரு ஜீப் குடு."

கம்பெனிகளுக்கு நிலம் எடுத்தபோது ஊரே வரிசையில் நின்றது. இவன் என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினான், மாட்டுக்குச் சூடு வைப்பதுபோல. பிறகு என் சட்டையிலேயே துடைத்துவிட்டான். "எங்க மாமா கையெழுத்து எம்மாம் அழகு பாரு." எல்லோரும் சிரித்தார்கள். மை போய்விட்டது.

ஐப்பசி 6, வியாழன்

நல்ல வெயில். சரோஜா சொன்னதால் ஏ.வோடு ஒரகடம். பழைய சைக்கிள் கடை. ஏ. எட்டாவது படித்தவன். அவன் பார்த்தவை:

ரிம் கோட்டம்.
பிரேக் கட்டை.
செயின் தொய்வு.
டயர் வெடிப்பு, நகத்தால் கீறி.
பெல், ஆறு முறை.

"பில்லு கீதா?" என்றும் கேட்டான். கடைக்காரர், "வண்டிக்குச் சொந்தக்காரர் ஊருக்கே போயிட்டார் சார். இந்தாங்க அவர் பில்லு." ஏ. அதைச் சத்தமாகப் படித்தான், எனக்குக் கேட்கும்படி. மடிக்குமுன் நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டு இங்கிலீஷ் எழுத்து, தெரியாது. பிறகு 58213.

சக்கரம் சுற்றிக்காட்ட சைக்கிளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். குந்தி உட்கார்ந்தேன். அச்சுக்கடியில் கிரீஸ். விரலால் துடைத்தேன். 30974.

மறுபடி படித்தேன். 30974.

"டேய், அடியில நம்பரு..."

"நீ சும்மா இரு மாமா. கைநாட்டுக்கு நம்பர் எதுக்கு?"

கடைக்காரரும் சிரித்தார். சும்மா இருந்தேன். இத்தனை ருசியாக நான் சும்மா இருந்ததே இல்லை.

ஐப்பசி 9, ஞாயிறு

மேகமூட்டம். சைக்கிளுக்கு மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். எல்லாம் சரோஜா கையால். "இன்னாய்யா, நல்லா பாத்து வாங்குனீங்களா?"

"உன் தம்பி பாத்தான்."

பொய் இல்லை. துடைக்கிறேன் என்று சொல்லிக் குனிந்து எண்ணை இன்னொரு முறை படித்தேன். இருந்தது.

ஐப்பசி 10, திங்கள்

விடியும் முன்பே மழை. ஏ. முதல் நாள் வேலை. புதுத் தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் பை. எங்கள் வாசலில் பெல் அடித்துவிட்டுப் போனான். கையசைத்தேன். டிபன்: ரவா உப்புமா. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

ஐப்பசி 13, வியாழன்

நடந்துவிட்டது.

கேண்டீனில் ஒடிசாக்காரர் ஒருவர் சமையல் வேலை. கேட் ஸ்டாண்டில் தன் சைக்கிளைப் பார்த்துவிட்டார். செல்போனில் பில் போட்டோ வைத்திருந்தார். கவிழ்த்தார்கள். 30974. ஷிப்ட் மாறும் நேரம், இரண்டு ஷிப்ட் ஆட்களும் கேட்டில். "செக்யூரிட்டியே திருடன்டா!" யாரோ ஏ. கையை முறுக்கிவிட்டார்கள். சூப்பர்வைசர் தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொண்டார். வேலை போனது. அட்டையும்.

ஏ. எங்கள் வீட்டில் தரையில். "படிச்சுப் பாத்துதான்கா வாங்குனேன். பில்லு கீதுக்கா." ஒரகடத்தில் அந்தக் கடை பூட்டிக் கிடக்கிறதாம்.

"அடியில நம்பர் பாத்தியா மச்சான்? நோட்டீஸு பள்ளிக்கூடத்துச் சுவத்துலயே கீதே. நீ எட்டாவது ஆச்சே."

அவன் வலது மணிக்கட்டு வீக்கம். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட முடியவில்லையாம். கட்டைவிரலில் மை.

என் சட்டை நுனியை நீட்டினேன். "தொடச்சிக்கோ."

துடைத்துக்கொண்டான். அவனுக்கு நினைவு வந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். வந்தது.

ஐப்பசி 14, வெள்ளி

மழை. சரோஜா சமைக்கவில்லை. ஏ. மனைவிக்குக் கால் வீங்கிவிட்டது. டயாலிசிஸுக்கு வேறு இடம் தேடி ஆட்டோவில் போனார்கள். சரோஜாவும் கூட. பழைய சோறு, ஊறுகாய். ஊறுகாய்ப் பாட்டிலை முழுதும் படித்தேன்.

ஐப்பசி 17, திங்கள்

வெயில். சரோஜா திரும்பி வந்தாள். ஏ. மனைவிக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறதாம். சரோஜா தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். "நம்ம மூணு பேருல ஒருத்தருக்காவது ஒழுங்கா படிக்கத் தெரிஞ்சிருந்தா இது நடந்திருக்குமாய்யா?"

மாலையில் டீச்சரிடம் தானே போய்ப் பெயர் கொடுத்தாள். புத்தகம் தீர்ந்துவிட்டதாம். டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "வூட்டுல தாத்தா நோட்டு கீதுல்ல பாட்டி? அத்த வெச்சே பழகுங்க."

இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முதல் பக்கத்தைத் திருப்பி முதல் எழுத்தில் விரல் வைத்தாள்.

"இது இன்னா எழுத்து?"

"ஐ."

"ஐ," என்றாள். அடுத்ததற்கு விரல் போய்விட்டது.

ஒரு நோட்டீஸ் படிக்கும் அளவுக்கு வர எனக்கு நான்கு மாதம் ஆனது. இவள் என்னைவிடக் கெட்டி.