மிச்சம் ஐம்பத்தொன்பது கிலோ

உடுவில்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஜெயதீபனுக்கு அம்மா எழுதுவது. வைரவர் காவலில் நான் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறேன். நீயும் மருமகளும் பேத்தி ஆரணியும் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுத்தான் தினமும் விளக்கு வைக்கிறேன், கோபம் வேறு, அது வேறு. போனில் கதைத்தால் ஓம் அம்மா ஓம் அம்மா என்று வெட்டிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள், ஆனால் கடைசி வரை வாசி.

முழங்கால் நோவு மாரியில் இருந்ததற்குப் பரவாயில்லை. பின்வளவு மாமரம் இந்த முறை ஏமாற்றிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை உன் சித்தப்பா பஞ்சலிங்கம் படலையைத் திறந்துகொண்டு வந்தார், ஒரு கையில் போன், மறு கையில் நீ அனுப்பிய அற்றோணித் தாள், என் தோட்டத்தை அவர் ஆள நான் கையெழுத்து வைக்க வேண்டிய தாள். பின்னாலே அவருடைய மருமகள் லவீனா, அவளும் உன்னைப் போலக் கணக்கு ரீச்சர்தானே. "அண்ணி, உங்கடை மகன் உங்களைக் கனடாவிலை பாடமாக்கிப் போட்டான், பாருங்கோ" என்று சிரித்தார். பார்த்தேன். போனில் ஓடிய வீடியோவில் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று நீ தமிழில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாய், முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் காதில் விழுந்தது. பாலேஸ்வரி என்றொரு கமக்காரி நூறு கிலோ விதை வெங்காயத்தை விற்காமல் பிடிவாதமாகக் கட்டித் தூக்கி வைத்திருந்தாளாம், மாதாமாதம் இருந்ததில் பத்து வீதம் பழுதானதாம், ஐந்து மாதத்தில் எவ்வளவு போகும், எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டாய். பேரைக்கூட மாற்றவில்லை நீ.

ஐந்து பத்து ஐம்பது போகும் என்றுதான் நான் நினைத்தேன். லவீனாதான், "இல்லை மாமி, முதல் மாதம் நூறிலை பத்து. அடுத்த மாதம் இருக்கிறதே தொண்ணூறுதானே, அதிலை பத்து வீதம் ஒன்பது. பிறகு எட்டுச் சொச்சம். ஒவ்வொரு முறையும் போறது, முந்திப் போனதின்ரை பத்திலை ஒன்பது பங்கு" என்று ஆறுதலாகச் சொன்னாள். எல்லாவற்றையும் கூட்டினால் நாற்பத்தொன்று போகிறது, மிச்சம் ஐம்பத்தொன்பது. எனக்கு விளங்கியது, உன் கணக்கில் நான் பிழை பிடிக்க வரவில்லை. ஆனால் நீ அதோடு விட்டாயா? காலம் முழுக்க வைத்திருந்தால் இந்த நட்டமெல்லாம் கூடிக் கூடி நூறை நெருங்கும், நூறைத் தாண்டாது என்றுவிட்டு, "பாலேஸ்வரி அக்காவின்ரை பிடிவாதத்துக்கும் ஒரு எல்லை இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாய். சித்தப்பா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். லவீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிடிவாதம் என்று உனக்கு ஓதியது யார் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஒன்றும் மறக்காது, மறக்கிறவர்களுக்குத்தான் நித்திரை வரும். உன் அப்பாவின் ஆண்டுத் திவசம் முடிந்த பங்குனி அது. இரண்டு அந்தர் வெங்காயத்தை, உன் நூறு கிலோ அதுதான், விதைக்கென்று பிடி பிடியாகக் கட்டி அடுப்படிக் கூரை வளையில் தூக்கினேன். வைகாசியில் நட வேண்டும். தோட்டம் என்னுடைய சீதனம், ஆனால் கிணறு பங்குக் கிணறு, இறைப்பு முறை சித்தப்பாவுக்கும் எங்களுக்கும் மாறி மாறி. "அண்ணி, வாழை காயுது, உங்கடை முறையையும் நான் எடுக்கிறன், வாற மாதம் தாறன்" என்றார். வந்த மாதமும் அதே கதை, அதற்கடுத்த மாதமும் அதே கதை. புருசன் இல்லாதவள் கிணற்றடியில் போய் நின்று சண்டை பிடிக்கவா? தண்ணீர் இல்லாமல் எங்கே நடுவது, விதையை விற்றால் பிறகு எதை நடுவது? ஏணி வைத்து ஏறி அழுகினதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தேன். ஆவணியில் வந்து, "வீணாப் போறதை என்னட்டைத் தாங்கோ, விளைஞ்சாப் போலை பாதி விதை திருப்பித் தாறன்" என்றார், கொடுத்தேன். தன் தோட்டத்தில் நட்டு என் முறைத் தண்ணீரால் இறைத்தார். விளைந்த பிறகு கேட்டதற்கு, "அழுகலைத்தானே தந்தனீங்கள், உங்கடை பிடிவாதத்தாலை வந்தது" என்று ஊர் கேட்கச் சொன்னார். அந்தச் சொல்லைத்தான் நீ கடல் கடந்து கொண்டுபோய்ப் பலகையில் எழுதியிருக்கிறாய்.

பழுதானதற்கு நான் அழவில்லை, வெங்காயம் அழுகத்தான் செய்யும். மிஞ்சினதைப் பற்றி உன் பாடத்தில் ஒரு வரி இல்லையே மகன். அந்தப் புரட்டாதியில் நான் கூலிக்குப் புல்லுப் பிடுங்கப் போனது அவருடைய தோட்டத்துக்குத்தான், என் விதை முளைத்த பாத்திக்குள்தான். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து போத்தலில் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டு வரம்பில் நின்றாய். எட்டாம் வகுப்பு, மறக்கிற வயதில்லை.

இப்போது அதே மனிதரிடம் என் தோட்டத்தை ஆளும் உரிமையை எழுதிக் கொடு என்கிறாய். அந்தச் செவ்வாய்க்கிழமை சித்தப்பா சிரித்து முடித்து அந்தத் தாளை நீட்டினார். "மிச்சம் ஐம்பத்தொன்பது கிலோவும் எங்கை போச்சு?" என்று லவீனாவுக்கு முன்னால் கேட்டேன். "உது பழங்கதை அண்ணி" என்று எழும்பிப் போய்விட்டார். லவீனா மட்டும் நின்று, "மாமி, அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதேங்கோ" என்றுவிட்டுப் போனாள். வைக்கவில்லை. நீ வந்து என் கையைப் பிடித்தாலும் வைக்க மாட்டேன், நான் சாகும் வரைக்கும் அந்தத் தாள் வெறும் தாள்தான்.

பாடத்தை அழிக்கச் சொல்லவில்லை, ஊர்ப் பிள்ளைகள் பார்த்துப் படிக்கட்டும். மிச்சம் எங்கே போனது என்பதையும் அதே பலகையில் நின்று சொல், இல்லையென்றால் என் பேரை எடு. இரண்டில் ஒன்று செய்யும் வரை போன் எடுக்காதே, அடித்தாலும் தூக்க மாட்டேன்.

ஆரணிக்குக் கணக்கும் வரட்டும், கண்டதை மறக்காத மனமும் வரட்டும். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது, பனி தொடங்கினால் தொப்பி இல்லாமல் இறங்காதே.

இப்படிக்கு,
நீ பேர் சொல்லிக் கூப்பிட்ட உன் அம்மா,
முத்துக்குமாரு பாலேஸ்வரி