கன்னத்தில் அறைந்தால் எத்தனை நியூட்டன்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். ஸ்கூட்டர் பின்டயர் பஞ்சர். ஷேர் ஆட்டோவில் ஏழு பேருக்கு நடுவே எட்டாவதாக நானும் ஒன்பதாவதாக என் தொப்பையும் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தோம்.

இன்று ஒலிப்பதிவு. ‘பாப்கார்ன் பௌதிகம்’, பதினோராம் பகுதி. அறிவியல், சமூகம், சினிமா மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டும் பாட்காஸ்ட். நடத்துவது இரண்டு பேர். இயற்பியல் துறையிலிருந்து நான், வயது ஐம்பத்திரண்டு. சிரிக்க வைக்கும் வாத்தியார் என்று பெயர் உண்டு, புரிய வைக்கும் வாத்தியார் என்று இல்லை. ஊடகவியல் துறையிலிருந்து தீபிகா, எம்.ஏ. இரண்டாம் ஆண்டு, தாம்பரத்துப் பெண். பேசுவதும் அவள், வெட்டி ஒட்டுவதும் அவள். இனி தீ.

இதுவரை செய்து கிழித்தவை:
- குண்டடி பட்ட வில்லன் எத்தனை நிமிடம் வசனம் பேசலாம்.
- ஒரு குத்தில் பத்தடி பறக்கிறான் அடியாள். குத்தியவன் ஏன் பின்பக்கம் பறப்பதில்லை.
- கழுத்தை அறுத்தால் ரத்தம் எவ்வளவு உயரம் பீய்ச்சும். (இதற்குத்தான் கேட்பவர் அதிகம். ஜனங்களுக்கு ரத்தம் பிடிக்கிறது. எனக்கும்.)

இன்றைய தலைப்பு அறை. கதாநாயகன் ஓங்கி ஒன்று விடுகிறான், அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே காதலிக்க ஆரம்பிக்கிறாள். உள்ளங்கையின் வேகம், கன்னம் தாங்கும் விசை என் பங்கு. சமூகம் தீ. பங்கு.

அறை வாங்கிய அனுபவத்தைக் குரல் செய்தியாக அனுப்பச் சொல்லியிருந்தாள் தீ. எடுத்துக்கொண்டது மூன்று. யாரென்று தெரியக்கூடாது என்பதால் எல்லாக் குரலையும் கனமாக மாற்றிவிட்டுத்தான் எனக்கே போட்டுக் காட்டினாள். மூன்றாவது ஒரு பெண். பின்னால் தறி ஓடுகிறது.

“பேர் சொல்ல மாட்டேம்மா. எங்க ஊட்டுக்காரர் தறியில இருக்கும்போதுதான் நான் பேச முடியும். தறி ஓடுற வரைக்கும் எனக்கு அடி இல்ல. ரெண்டு கையும் ரெண்டு காலும் அதுலதானே இருக்குது. படத்துல அறைஞ்சா அந்தப் பொண்ணு திரும்பிப் பார்த்துச் சிரிக்குதே, அது எப்பிடி? எனக்கு அறைஞ்சா நாள் பூரா காதுல கொய்ங்னு கேட்டுக்கினே இருக்குது. அதுக்கு உங்க சயின்ஸ்ல மருந்து இருக்குதாம்மா?”

நான் மைக்கில் சொன்னது: “அப்போ இருபத்துநாலு மணி நேரமும் தறியை ஓட்டச் சொல்லுங்கம்மா. உங்களுக்கும் நிம்மதி, நாட்டுக்கும் உற்பத்தி.” சொல்லிவிட்டு நானே சிரித்தேன். தீ. சிரிக்கவில்லை. தாம்பரத்தில் நகைச்சுவை உணர்வு குறைவு.

“சார், பின்னாடி அந்தச் சத்தத்தை எடுத்துரவா?”

“விடும்மா. அது இல்லாம காஞ்சிபுரமா?”

பெரிய கலைஞன் மாதிரிச் சொன்னேன்.

ஜூலை 11, வெள்ளி

நாலு மணிக்கு ‘அறை’ வெளியானது. நாலு பத்துக்கு ஏழு பேர் கேட்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் நான்.

பெருமை தாங்காமல் முழு ஆடியோவையும் எங்கள் பிள்ளையார்பாளையம் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். “நம்ம ஊர்த் தறிச் சத்தம் உலகமெங்கும்” என்று ஒரு வாசகம் வேறு. நாற்பது கட்டைவிரல்கள். கோயில் தர்மகர்த்தா இரண்டு கைகளைக் கூப்பியிருந்தார். அவர் எதையும் கேட்காமலே கூப்புகிறவர்.

ஆறு மணிக்கு வீடு. என் மனைவி விஜயா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டே ஆக வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து போட்டேன். என் நியூட்டன் பகுதிக்கெல்லாம் காய் நறுக்கும் வேகம் குறையவில்லை. மூன்றாவது குரல் வந்தது. கத்தி நின்றது.

“ஏங்க, இது கௌரி ஆச்சே.”

“குரலை மாத்தியிருக்கு விஜயா. யாருன்னு கடவுளுக்கே தெரியாது.”

“குரலை யாரு கேட்டா? தறியக் கேளுங்க. மூணு அடி நேரா விழுது, நாலாவது நொண்டுது. பின்தெரு சண்முகம் தறி. பன்னண்டு வருசமா இதைக் கேட்டுக்கினேதான் சோறு வடிக்கிறேன்.”

மறுபடி போட்டேன். டக், டக், டக். இழுத்து ஒரு ட...க்.

என் அப்பா நெசவாளி. தெருவில் நடந்துகொண்டே, யார் தறியில் எந்தக் கயிறு தளர்ந்திருக்கிறது என்று சொல்லுவார். அவர் பெற்ற பிள்ளை, முனைவர் பட்டம் வாங்கி ஒலியலைகள் பாடம் நடத்தும் பேராசிரியர் நான், பன்னிரண்டு வருடமாக அந்த நொண்டலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். அது யார் தறி என்று தெருவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். முகத்துக்கு மூடி போட்டுவிட்டு நெற்றியில் விலாசத்தை ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

சண்முகம் என்னோடு ஆறாம் வகுப்பு வரை படித்தவன். ஆள் தங்கம் என்று தெருவே சொல்லும். கௌரி வருடத்தில் இரண்டு முறை படியில் வழுக்கி விழுவாள். அவர்கள் வீட்டில் படி கிடையாது. இதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

தீ.க்குப் போன். பத்து நிமிடத்தில் பகுதியை மறைத்துவிட்டாள். நான் குழுவில் போட்டதை அழித்தேன். அதற்குள் இரண்டு பேர் அதைச் சேமித்து வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

விஜயா கௌரிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. பின்கதவைத் திறந்து நின்று கேட்டோம். தறி ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 12, சனி

இடது கையால் எழுதுகிறேன். கோழிக் கிறுக்கல்.

காலை ஆறரைக்குத் தறி ஆரம்பித்தது. மூன்று அடி, ஒரு நொண்டல். அப்பாடா. சர்க்கரை மாத்திரை போட்டேன். பட்டுக்கடைகளுக்கு ஆடித் தள்ளுபடிக் கூட்டம் இப்போதே வருகிறதாம், வெளியூர் வேன் ஒன்று எங்கள் சந்தில் சிக்கிக்கொண்டது. டிரைவருக்கு வழி சொல்லப்போய் வசவு வாங்கினேன்.

பத்து மணிக்குத் தறி நின்றது. சண்முகம் டீ குடிக்கப் போகும் நேரம். பத்தேகாலுக்கு மறுபடி ஓட வேண்டும்.

பத்து இருபது. இல்லை.

டீக்கடையில் நடந்தது பிறகு தெரிந்தது. எவனோ ஒருவன் போனைத் தூக்கிக் காட்டி, “சண்முகம், உன் தறி பேமஸ் ஆயிடுச்சிபா. காலேஜி வரைக்கும் பேசுது” என்று போட்டிருக்கிறான். சண்முகம் முழுதும் கேட்டானாம். டீயை வாங்காமலே திரும்பினானாம்.

பத்து இருபத்தைந்துக்குச் சத்தம். கத்தல் இல்லை. மரத்தில் ஏதோ மோதும் சத்தம். விஜயா ஓடினாள். பின்னால் நான், பனியனோடு.

கௌரியின் முடியை இடது கையில் சுருட்டிப் பிடித்திருந்தான். அவள் முகத்தைத் தறிக் கம்பத்தில் மோதிக்கொண்டிருந்தான். அவசரமே இல்லாமல், ஒரே சீராக. தறியில் பாதி நெய்த மாம்பழ நிறப் புடவை, அதில் ரத்தம் தெறித்திருந்தது. அவள் இரண்டு கையாலும் புடவையைத் தள்ளிப் பிடித்திருந்தாள். கறை படாமல் இருக்க.

“வா வாத்தியாரே. எத்தினி நியூட்டன்னு எண்ணிக்கினு இரு.”

“சண்முகம், விடுபா. அது அவ இல்ல” என்றேன். என் வாழ்நாளின் மிக முட்டாள்தனமான வாக்கியம்.

நாடாவை எடுத்து என்னை அடித்தான். தறியில் குறுக்கே ஓடி இழை போடுமே, அந்தக் கட்டை. இரண்டு முனையும் இரும்பு. வலது புருவம் பிளந்தது. தடுத்த கையில் இரண்டாவது அடி. மணிக்கட்டில் மளுக்கென்றது. பின்னால் நகர்ந்த நான், நெய்கிறவன் கால் வைக்கும் மிதிபலகைக் குழிக்குள் உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். கால் வெளியே, இடுப்பு உள்ளே. எழ முடியவில்லை. சினிமாவில் இந்த இடத்தில் நான் பறந்து எழுந்திருக்க வேண்டும்.

எழுந்தவள் விஜயா. கீழே கிடந்த உட்காரும் பலகையை இரண்டு கையாலும் தூக்கி அவன் முழங்கையில் போட்டாள். மறுபடி போட்டாள். பிடி விட்டது. மூன்றாவது தடவை ஓங்கியபோது அவள் கண்களைப் பார்த்தேன். இருபத்தாறு வருடமாக இந்தப் பெண்ணோடுதான் குடித்தனம் செய்கிறேன் என்பதே தெரியாமல் போயிருக்கிறது. நானே “போதும்” என்று கத்தினேன். குழிக்குள்ளிருந்து.

எனக்கு ஏழு தையல், ஒரு மாவுக்கட்டு. கௌரிக்குக் கீழ்த்தாடை இரண்டு இடத்தில் முறிவு. மூன்று பல் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

வலி. மேகமூட்டம், மழை இல்லை.

சண்முகத்தைப் போலீஸ் கூட்டிப்போய் வழக்கு எழுதியிருக்கிறது. கௌரிக்குப் பல்லோடு பல் கம்பி வைத்துக் கட்டிவிட்டார்களாம். ஆறு வாரம் வாய் திறக்கக்கூடாது. விஜயா ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள். எனக்கு ரசம் வைக்கத் தெரியவில்லை என்பதை மூன்று தடவை நிரூபித்தேன்.

தெருவில் காதில் விழுந்தவை:
- “புருசன் பொண்டாட்டி சண்டைய ரேடியோவுல போடுவாங்களா?”
- “அவன் தங்கமான ஆளு. இந்தம்மா வாய்தான்.”
- “வாத்தியாரு குழியில விழுந்தத யாராவது வீடியோ எடுத்தீங்களா?”

மூன்றாவதற்கு நானே சிரித்துவிட்டேன். தையல் இழுத்தது.

ஜூலை 14, திங்கள்

டீன் கூப்பிட்டார். முடிச் சாயம் புதிது, காது நுனியிலும் கொஞ்சம். சண்முகத்தின் சொந்தக்காரர்கள் பத்து பேர் காலையிலேயே வந்து போனார்களாம். ஊர் மானத்தை வாங்கிவிட்டோமாம்.

“ஒண்ணும் பெரிசில்லை சார். ஒரு சின்ன விளக்கம். அந்தக் குரல் ஒரு மாணவியோட நடிப்பு, நிஜமான யாரையும் குறிக்கலைன்னு. நானே டைப் பண்ணி வெச்சிருக்கேன். நீங்க கையெழுத்துப் போட்டா பிரச்சினை ஓவர். உங்க பதவி உயர்வு ஃபைல் வேற மேசையில இருக்கு.”

கடைசி வாக்கியத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வெளியே தீ. நின்றிருந்தாள். தாளைப் படித்தாள்.

“நடிப்புன்னு போட்டா, கோர்ட்ல அந்த ஆள் இதைத்தான் சார் காட்டுவான். அவங்க பொய் சொன்னாங்கன்னு ஆயிடும்.”

“அந்தம்மாவுக்கும் பாதுகாப்புதானேம்மா?”

“சார், நீங்க அவங்களைக் கேட்டீங்களா?”

இருபத்தொரு வயது. தாம்பரம்.

ஜூலை 15, செவ்வாய்

தூறல். கொடியில் துணி.

இடது கையால் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை, நாளைக்கு நானில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். யோசித்து எழுதிய காரணங்கள்: (1) சண்முகம் சாந்தமாவான். (2) தீ. படிப்புக்கு இடைஞ்சல் வராது. (3) பதவி உயர்வு. மூன்றாவதை முதலில் எழுதி, அடித்து, கீழே இறக்கினேன்.

டீனிடம் கொடுக்கவில்லை. நாளை கௌரியைக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். தலையசைத்துவிடுவாள். பாவம், வாயைத் திறந்து மறுக்க முடியாதே. இதை எழுதிவிட்டு, இப்படியும் ஒருவன் யோசிப்பானா என்று பார்த்தேன். யோசித்திருக்கிறான், மை இன்னும் காயவில்லை.

ஜூலை 16, புதன்

பெரிய ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு. முகம் முழுக்க நீலமும் மஞ்சளும். ஒரு கண் திறக்கவில்லை. ஸ்ட்ராவில் கஞ்சி. விஜயா டம்ளரைப் பிடித்திருந்தாள்.

தாளை நீட்டினேன். நல்லதற்குத்தான் என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் பேசினேன். ஒற்றைக் கண்ணால் படித்தாள். மடித்து என் பக்கமே வைத்தாள். போனை எடுத்து எழுதிக் காட்டினாள்.

“மறச்சி வெச்சத திரும்பப் போடுங்கண்ணா.”

விஜயாதான் பதறினாள். “வெளிய வந்து மறுபடி அடிப்பான்டி.”

“போடாட்டியும் அடிப்பாருக்கா. இனிமே அவர் ஊட்டுக்குப் போவல.”

“எங்க போவ?”

எங்கள் வீட்டு விஷயத்தில் என் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. விஜயா அவள் கையைப் பிடித்து, “சரி, மாடி ரூம் காலியாத்தான் இருக்குது” என்றாள். தீர்ந்தது.

கௌரி மறுபடி எழுதினாள். கட்டைவிரலில் வீக்கம், மெதுவாக. நான் தலைமாட்டில் நின்று எழுத்து எழுத்தாகப் படித்தேன்.

“என் கொரல மாத்தினத எடுத்துடுங்க. என் கொரலே இருக்கட்டும். நீங்க சிரிச்சதயும் எடுத்துடுங்க.”

பதில் சொல்ல ஏதோ ஜோக் வாய் வரைக்கும் வந்தது. என்ன பிறவி நான்.

வராந்தாவுக்கு வந்து தீ.க்குப் போன். சொன்னேன்.

“சரி சார். சிரிப்பை எடுத்தா அதுக்கு முன்னாடி ஜோக்கும் போகணும்.”

“போகட்டும்மா.”

“ரெண்டும் போனா, மருந்து இருக்குதான்னு அவங்க கேக்கறாங்க, அதோட நிக்குது. அடுத்து நேரா மறுபடி உங்க நியூட்டன் வருது. நல்லாருக்காது சார். ஏதாவது பதில் பேசி அனுப்புங்க, சேத்துடறேன்.”

வீட்டுக்கு வந்து, டீனின் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். இரண்டு வரி. அடித்தேன். காது நரம்பு பற்றி ஒரு பத்தி. அதையும் அடித்தேன். பிறகு போனில் நேராகப் பேசிவிடலாம் என்று பதிவுப் பொத்தானை அமுக்கினேன். மூன்று தடவை. மூன்றிலும் நான் தொண்டையைச் செருமுவது மட்டும்தான் பதிவாகியிருக்கிறது.