ஐந்தாம் நாள் டிஸ்க்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சளி இருமல் அண்டாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். மனசளவில் எப்படி என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் பேசினால் கூடத்தில் இருப்பவர்கள் காதில் விழும், அதனால்தான் தபால் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து, அவர்கள் நூலில் கட்டிப்போட்டிருக்கும் பேனாவால் எழுதுகிறேன். பேனாவைக் கூடக் கட்டித்தான் வைக்க வேண்டியிருக்கிறது, காலம் அப்படி.

நீ அனுப்பிய டிஸ்க் டிரைவ் போன மாதமே வந்து சேர்ந்தது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது, வழியில் யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது என் சந்தேகம், அதை விடு. தொண்டை ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் அம்மாவின் குரலை ஏழு நாள் பதிவு செய்து, நாளுக்கு ஒன்றாக ஏழு டிஸ்க்கில் ஏற்றினோமே, பழைய கம்ப்யூட்டர் படுத்த பிறகு அந்த ஏழைத் தவிர அவள் குரல் வேறெங்கும் இல்லை என்பது உனக்கே தெரியும். நீ வாங்கித் தந்த லேப்டாப்பில் டிஸ்க் போட வழியில்லை என்பதால்தானே இந்த டிரைவை அனுப்பினாய். இப்போது ஏழில் ஒன்று கூட வாய் திறக்கவில்லை. உள்ளே போட்டால் மேஜை அதிரும்படி கடகடவென்று சுற்றுகிறது, பிறகு மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது, டிஸ்க்கைப் போடுங்கள் என்று திரை நம்மிடமே கேட்கிறது. டிஸ்க்கை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே டிஸ்க் எங்கே என்று கேட்கிற யந்திரத்தை எப்படி நம்புவது. டிஸ்க்குகளை நான் வைத்திருந்த லட்சணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ரெக்கார்டு ரூமில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன், டிரைவ் வருகிறது என்று நீ சொன்ன அன்றே ஏழுக்கும் வரிசை எண், தேதி, விவரம், என் சுருக்கொப்பம் எல்லாம் எழுதி, பைல் அட்டையை வெட்டிக் கெட்டிப் பசை தடவி ஒட்டி, பீரோவில் அடுக்கி வைத்தேன்.

ரிப்பேர்காரர் வந்து பார்த்தார். எந்தச் சாமானைக் கொடுத்தாலும் முதலில் வாயால் ஊதிப் பார்ப்பவர், நான் அவருக்கு ஊதல் என்றே பெயர் வைத்திருக்கிறேன். டிரைவை மூன்று தடவை ஊதிவிட்டு, மிஷின்ல ஒண்ணும் இல்ல சார், டிஸ்க்குதான் காலியா இருக்கும்போல என்றார். காலியாக இருந்தால் காலி செய்த ஆள் ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா. அந்த டிஸ்க்குகள் எத்தனை தடவை வேண்டுமானாலும் அழித்து எழுதக் கூடியவை, விலை அதிகம், ஆகவே உசத்தி என்று நான்தான் தேடி வாங்கினேன். அழித்து எழுதலாம் என்றால் எழுதாமல் வெறுமனே அழிக்கவும் செய்யலாம் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

இனி எழுதப்போவதைப் படித்துப் பதறாதே. உன்னிடம் வருவதற்கான காகிதங்கள் கைக்கு வரும்வரை எங்களோடு இருக்கிறாளே மருமகள், இந்த வீட்டில் டிஸ்க் வித்தை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஏழையும் எழுதிக் கொடுத்ததே அவள்தான். ஐந்தாம் நாள் மட்டும் உன் அம்மா எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள், டிஸ்க்கில் மகனுக்கு என்று மட்டும் எழுதச் சொன்னாள். என்ன பேசினாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மாமியார் மருமகளைப் பற்றி மகனிடம் சொல்ல எவ்வளவோ இருக்கும், அது வெளியே வரக் கூடாது என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். நேற்று முன்தினம் நான் ஓசைப்படாமல் அறைக்குள் போனபோது அவள் டிரைவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், திரையில் இந்த டிஸ்க்கை அழிக்கவா என்று கேள்வி நின்றது, அவள் விரல் ஆம் என்பதன்மேல் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். ஒன்றும் கேட்காமல் டிரைவை உருவிப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவளும் ஒன்றும் கேட்கவில்லை, அதுவே சந்தேகமாக இருக்கிறது. பதினொரு மாதமாகப் பேச்சில்லாத உன் அம்மா சிலேட்டில் எழுதிக் காட்டினாள், அந்தப் பொண்ணு மேல பழி போடாதீங்க, அவ அப்படிப்பட்டவ இல்ல என்று. இவளை எப்படி மயக்கி வைத்திருக்கிறாள் பார். நீ உன் மனைவியிடம் நயமாகக் கேட்டு உண்மையை வாங்கு. கவுன்டரை மூடுகிறார்கள், மிச்சத்தை நாளை எழுதி அனுப்புகிறேன்.

நாளை என்று எழுதி நாலு நாள் ஆகிவிட்டது. இதை வீட்டுக் கூடத்தில், எல்லோர் கண் முன்னாலும் உட்கார்ந்து எழுதுகிறேன். அன்று தபால் ஆபீஸிலிருந்து திரும்பினால் மருமகள் பீரோ பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மாமா, அழிச்சது யாருன்னு அப்புறமா விசாரிப்போம், மொதல்ல அழிஞ்சிருக்கான்னு பார்ப்போம், சாவியக் கொடுங்க என்றாள். அவள் அன்றைக்கு அழித்தது புதிதாக வாங்கிவந்த ஒரு டிஸ்க்காம், எழுதி, அழித்து, மறுபடி எழுதி, டிரைவ் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்திருக்கிறாள். என் எதிரிலேயே மறுபடி செய்து காட்டினாள், அந்த டிஸ்க் பூனை மாதிரி சத்தமில்லாமல் சுற்றியது. கேபிளை மாற்றினாள், லேப்டாப்பின் வேறு துளையில் செருகினாள், அதற்கெல்லாம் நம்முடைய டிஸ்க் மசியவில்லை. பிறகு முதல் நாள் டிஸ்க்கைப் போட்டுவிட்டு டிரைவின்மேல் உள்ளங்கையை வைத்தாள். மேஜைமேல் இருந்த தம்ளருக்குள் ஸ்பூன் கிணுகிணுத்தது. வெளியே எடுத்து, ஒரு பக்கமாக நான் ஒட்டியிருந்த அட்டையைத் தடவிப் பார்த்து, மாமா, இது டிஸ்க்கா, பைலா என்று கேட்டாள். ஒரு பக்கம் கனம் ஏறினால் அத்தனை வேகத்தில் தள்ளாடுமாம், தள்ளாடினால் உள்ளே இருக்கிற கண்ணுக்கு எழுத்து பிடிபடாதாம். நல்லவேளை இது டிவிடி, எழுத்து ரெண்டு தகட்டுக்கு நடுவுல இருக்கு, பழைய சிடியா இருந்தா உங்க அட்டையோட சேர்ந்து எழுத்தும் உரிஞ்சு வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே, ஈரத் துணியால் ஊறவைத்து நகத்தால் கீறிக் கீறி ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஏழையும் உரித்தாள். நான் முப்பத்தொரு வருஷத்தில் ஒட்டிய எதையும் யாரும் இப்படி உரித்ததில்லை.

முதல் நாள் டிஸ்க் பேசியது. பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்த உன் அம்மா நடுவில் நிறுத்தி, ஃபேன நிறுத்துங்க, எல்லாம் பதியுது என்று என்னை அதட்டுகிறாள். அந்த அதட்டலைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. அம்மா மேஜையைத் தட்டித் தட்டிச் சத்தமில்லாமல் சிரித்தாள். ஆறு டிஸ்க்கும் பேசின. ஐந்தாவது மட்டும் சுத்தமாகக் காலி. இது அழிஞ்சிருக்கு மாமா என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள், யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டிரைவ் வந்த அன்று, அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, நான் முதன்முதலாகப் போட்டது அந்த ஐந்தாவதைத்தான். கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசினாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கடகடவென்று சுற்றிவிட்டு, பயன்படுத்த வேண்டுமானால் தயார் செய்ய வேண்டும், செய்யவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். அதன்கீழே சின்ன எழுத்தில் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்று எழுதியிருந்ததாம், சின்ன எழுத்தைப் படிக்காமல் ஒரு கையெழுத்துப் போடாதவன் அன்றைக்குப் படிக்கவில்லை. இருவரிடமும் சொல்லிவிட்டேன். உன்னிடமும் சொல்கிறேன், உன் அம்மா உனக்காகப் பேசியதை அழித்தவன் நான்.

முன் பக்கங்களில் எழுதியதையும் மருமகளிடம் படித்துக் காட்டினேன். தாள்களை என் கையிலிருந்து வாங்கி ஒழுங்காக அடுக்கினாள். பிறகு, எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு மாமா, ஆனா அப்படியே அனுப்புங்க என்றாள். கிழித்துப் போட எனக்கும் கை வராது, எழுதிய தாள் கட்டோடு இருக்க வேண்டும். ஆறு டிஸ்க்கையும் ஒரே ஒரு தடவை மட்டும் எழுதக் கூடிய புது டிஸ்க்குகளில் அவள் நகல் எடுத்துத் தந்தாள், இத்துடன் வைத்திருக்கிறேன். அவற்றின்மேல் ஒன்றும் ஒட்டாதே, நடுத் துளையைச் சுற்றி எண் மட்டும் எழுதியிருக்கிறது, அது போதும். இன்று சாயங்காலம் அவளோடு போனில் பேசு, உன் அப்பாவுக்காக அல்ல, அவளுக்காக. உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

உறையை ஒட்டுவதற்கு முன் அம்மாவிடம் ஐந்தாம் நாள் என்னதான் பேசினாய் என்று கேட்டேன். என்னைப் பார்த்துக்கொண்டே நிதானமாக எழுதிக் காட்டினாள். உங்கப்பா யாரப் பத்தி என்ன எழுதினாலும் பாதிதான் நம்பணும்னு சொன்னேன் என்று. அதை அவள் குரலில் நீ கேட்க முடியாமல் போயிற்று, என் கையெழுத்தில் படித்துக்கொள். இந்தக் கடிதத்தில் எந்தப் பாதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா