விசிறிச் சத்தம் நின்ற பிறகு

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். அப்பா நலம் என்று அப்பா சொல்கிறார். அவரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும், நான் சொல்லி நடக்கவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமென்றால் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இப்போது முடிவெட்டப் போயிருக்கிறார். எனக்கு விஷயம் தெரிந்ததே கம்ப்யூட்டரால்தான், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன், நடுவில் தாண்டிப் போகாமல் படி.

பார்வையில்லாத பிள்ளைகளுக்காக நான் பாடப் புத்தகம் வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன் அல்லவா, அதைச் சரிபார்க்கும் பெண் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள், வாசிப்பு நன்றாக இருக்கிறது, பின்னால் ஏதோ இரைகிறது என்று. இரைந்தது நம் கம்ப்யூட்டர்தான். உள்ளே புராசஸர் மேல் ஒரு குட்டி விசிறி இருக்கிறது, சூடு ஏறினால் மிக்ஸி மாதிரி கத்தும். கடைக்காரர் முதலில் புதுக் கம்ப்யூட்டரே வாங்கச் சொன்னார், மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா என்று மறுத்துவிட்டேன். அடுத்து தண்ணீர் ஓடிக் குளிர வைக்கும் கூலர் ஒன்றைக் காட்டினார், கரண்ட் ஓடுகிற பெட்டிக்குள் தண்ணீரா, வேண்டவே வேண்டாம் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் காற்றிலேயே குளிர்விப்பதை எடுத்தோம். விசிறி பெரிதாக இருந்தால் மெதுவாகச் சுற்றினாலே போதுமாம், சத்தம் வராதாம். உயரம் மட்டும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியின் மூடி இடிக்கும். நான் அளந்துகொண்டு போயிருந்தேன். அப்பா கண்ணாலேயே அளந்து, இருப்பதிலேயே பெரியதைக் காட்டி, தாராளமாக உள்ளே போகும் என்றார். அது போயிருக்காது, என் அளவுக்குச் சரியானதையே வாங்கி வந்தோம்.

மாட்டியது அவர்தான். பழையதைக் கழற்றி, சூட்டைக் கூலருக்குக் கடத்துவதற்காகத் தடவிக் காய்ந்து கிடந்த பசையைத் துடைத்து, புதுப் பசை ஒரு பொட்டு வைத்து, நான்கு திருகாணிகளையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கம்ப்யூட்டரைப் போட்ட கொஞ்ச நேரத்தில் அது தானாகவே அணைந்துவிட்டது. திரும்பக் கழற்றினால், கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவர் உரிக்கவே இல்லை, சூடு மேலே ஏற வழியில்லாமல் அப்படியே நின்றிருக்கிறது. டிவி ரிமோட்டுக்கு வந்த உறையே இன்னும் அதன் மேல்தான் இருக்கிறது, உரித்தால் பொருள் பழசாகிவிடும் என்பது உன் அப்பாவின் சித்தாந்தம். நான் உரித்துக் கொடுத்தேன், மறுபடி பசை வைத்து மாட்டினார். அதன்பிறகு கம்ப்யூட்டர் ஓடுகிறதா இல்லையா என்பதை விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் ஒரு பாடத்தை வாசித்துப் பதிந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். விசிறிச் சத்தம் சுத்தமாக இல்லை. ஆனால் வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் மெல்லிய விசில் போல ஒன்று ஏறி இறங்கியது. புது விசிறியில்தான் ஏதோ கோளாறு என்று பெட்டியைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் புலப்படவில்லை. பிறகு அப்பா பால் வாங்கப் போன நேரத்தில் அதே பக்கத்தை மறுபடி வாசித்துப் பதிந்தேன், அந்த விசில் இல்லை. நான் வாசிக்கும்போது அவர் பின்னால் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து கேட்பது வழக்கம். அது அவர் மூச்சு. இவ்வளவு நாளும் அந்தப் பழைய விசிறி அதை எனக்குக் கேட்காமல் வைத்திருந்தது. மாடி ஏறும்போது அவர் படித் திருப்பத்தில் நின்று அறிவிப்புப் பலகையைப் படிப்பது ஏன் என்பதும் இப்போது புரிகிறது, அதில் தொங்குவது போன வருஷத்து அறிவிப்பு. கேட்டால், "வயசானா மூச்சு வாங்கத்தான் செய்யும், நீ உன் வேலையைப் பாரு" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

நீ சொன்னால் தட்ட மாட்டார். நான் கோள் சொன்னதாக வேண்டாம், பதிவில் உன் காதாலேயே கேட்டதாகச் சொல், அது பொய்யும் இல்லை. இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, உன் கம்ப்யூட்டரிலும் தூசி தட்டு. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான், அப்பா பின்னால் இருந்தபோது பதிந்த அந்த முதல் பதிவை இதோடு அனுப்புகிறேன். என் வாசிப்பைக் கேட்க வேண்டாம், நான் நிறுத்துகிற இடங்களைக் கேள்.

உன் நல்லதையே நினைக்கும்
அம்மா